மொட்டைமாடிக்கும் பாத்ரூமுக்கும் நடுவில்

...ஆகவே சபையோரே, மாப்பிள்ளை வெற்றிவேந்தனையும் என் அக்கா மகள் பூங்கோதையையும் வாழ்த்துறதுக்குத் தாய்மாமன் எனக்குன்னு ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்காம எல்லாரும் வாழ்த்தித் தீர்த்துட்டீங்க. போகட்டும். பந்தியில ரசம் வர்றதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லி இறங்கிடறேன். குழாய் ரிப்பேர் கதை. சிரிக்காதீங்க... சாம்ராஜ்யங்கள் கவிழ்ந்த கதையெல்லாம் இதுகிட்ட கைகட்டி நிக்கணும்!

எங்க தெருவுல கலியபெருமாள்னு ஒரு மகாவீரர். சம்சாரம் பேரு செண்பகவல்லி. ஒருநாள் பாத்ரூம் குழாய் சொட்டுது. அந்த அம்மா என்ன சொன்னாங்க? "ஏங்க, ப்ளம்பர் தஸ்தகீர் பாயைக் கூப்பிடுங்க." இவர் என்ன சொன்னார்? "ஒரு வாஷர் மாத்த ப்ளம்பரா? தள்ளு!"

தள்ளினாங்க. இவர் மொட்டைமாடி டேங்கை அடிவரைக்கும் காலி பண்ணினார். உறையிலிருந்து வாளை உருவுற மாதிரி பையிலிருந்து ஸ்பேனரை உருவினார். வாஷரை மாத்தினார். டேங்கை நிரப்பினார். குழாயைத் திறந்தார்... சொட்டு நின்னுடுச்சு! கூடவே தண்ணியும் நின்னுடுச்சு. வீடு பூரா ஒரு குழாயில தண்ணி இல்ல. மேல டேங்க்ல ஒரு சமுத்திரம். கீழ சித்திரை மாசத்து ஏரி!

"நான் அப்பவே சொன்னேன்" அப்படின்னாங்க அம்மா. உலகத்துல எந்தப் புருஷன் தாங்குவான் இந்த வார்த்தையை? இவரும் தாங்கல. "உங்க அண்ணன் மாதிரி சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொல்றியா?"

அண்ணனையா? அண்ணனையா சொன்னே? முடிஞ்சுது! அந்த நிமிஷத்திலிருந்து அந்த வீட்டுல பேச்சே இல்ல. பூனைகூட சைகையிலதான் பால் கேட்டுச்சுன்னா பார்த்துக்குங்க.

பாய்க்குப் போன் போட்டா, "இதோ தெருமுனைக்கு வந்துட்டேன் சார்." அந்தத் தெருமுனை காசியில இருந்துச்சோ கன்னியாகுமரியில இருந்துச்சோ... மூணு நாள் ஆச்சு! மூணாம் நாள் காலையில அந்த அம்மா துணிப்பையைக் கட்டி வாசல்ல வெச்சுட்டாங்க. பக்கத்து வீட்டு அம்மாகிட்ட சொல்ற மாதிரி இவருக்குச் சொன்னாங்க: "மத்தியானத்துக்குள்ள தண்ணி வரலைன்னா லால்குடி பஸ் ஏறிடுவேன். எங்கண்ணன் வீட்டுல தண்ணியும் வருது, மரியாதையும் வருது."

இவர் முகம் அந்தக் குழாயை விடக் காஞ்சு போச்சு.

வந்தார் பாய்! பைப்பைத் தட்டினார். "பைப்புல ஒண்ணும் கெடல சார். டேங்கைச் சுத்தமா காலி பண்ணீங்கல்ல, காத்து பூந்து வழியை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நான் சன்ஷேடுல நின்னு ஜாயின்ட்டைத் தளர்த்தறேன். நீங்க மாடியில வால்வுகிட்ட நில்லுங்க. அக்கா, நீங்க பாத்ரூம்ல குழாயைப் பாருங்க. தண்ணி வந்ததும் சாருக்குச் சத்தம் குடுங்க."

"நான் பேசமாட்டேன் பாய். வாளியைத் தட்டறேன்."

"தட்டச் சொல்லுங்க பாய்" அப்படின்னார் இவர், சுவரைப் பார்த்து.

குழாய் லேசா இருமிச்சு. அம்மா வாளியில 'டங்'னு ஒரு தட்டு. அவங்க கணக்குல அது 'பொறுங்க'. இவர் கணக்குல அது 'முழுசாத் திற'. திறந்தார் பாருங்க... சன்ஷேடுல நின்ன பாய் தலையில குற்றாலம் அப்படியே இறங்கிச்சு! தொப்பி ஒரு தெரு, ஸ்பேனர் ஒரு தெரு!

"யா அல்லா! மூடுங்க சார்!" மூடினார். பாய் சொட்டச் சொட்ட நின்னு கத்தினார்: "இந்த வாளி பாஷையெல்லாம் எனக்கு ஆகாது! வாயைத் திறந்து பேசுறதா இருந்தா பேசுங்க. இல்லாட்டி நான் போய்ட்டேயிருக்கேன்!" ஏணியில ஒரு காலையும் வெச்சுட்டார்.

யோசிச்சுப் பாருங்க. பாய் போனா மறுபடி அந்தத் தெருமுனைக்கு எப்போ வருவார்? பை வாசல்ல. பஸ்சோ வர்ற நேரம். எங்க தெருவே கூடி நின்னு பார்க்குது...

மாடியிலிருந்து மெதுவா ஒரு குரல். "செண்பகம்... திறக்கட்டுமா?"

இவர் மாடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் சத்தமாக் கூப்பிட்டார்.

"செண்பகம்! அண்ணனைச் சொன்னது தப்புதான்! திறக்கட்டுமா?"

தெரு முழுக்கக் கேட்டுச்சு. கீழேயிருந்து வந்துச்சு பாருங்க ஒரு வார்த்தை... "ஏங்க! மெதுவாத் திறங்க!"

பாய் ஏணியிலிருந்து காலை எடுத்துட்டார்.

"வருதா?"

"காத்துதான் வருது!"

"இப்போ?"

"செருமுது! இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஏங்க, வந்துடுச்சுங்க! மூடுங்க, பாய் நனையுறார்!"

பாய் ஜாயின்ட்டை முறுக்கினார், இவர் மறுபடி திறந்தார். அடடா! மேட்டூர்ல மதகு திறந்தாக்கூட அந்தச் சத்தம் வராது. தெருவே கை தட்டிச்சு. கலியபெருமாள் மாடியிலிருந்து இறங்கி வரல சபையோரே, பறந்து வந்தார்! வந்து குழாயைப் பார்த்தாரா? இல்ல. நேரா வாசலுக்குப் போய் அந்தப் பையைத் தூக்கி உள்ளே வெச்சார்.

இதை ஏன் இங்கே சொல்றேன்? மாப்பிள்ளை, பாப்பா, ரெண்டு பேரும் கேளுங்க. டேங்க்ல தண்ணி இல்லாமலா போச்சு? பைப் உடைஞ்சா போச்சு? எல்லாம் இருந்துச்சு, நடுவுல காத்து அடைச்சிருந்துச்சு. உங்க வீட்டுலயும் ஒருநாள் அடைக்கும். அன்னிக்குப் பிரியம் வத்திப்போச்சுன்னு பையைக் கட்டாதீங்க. வாளியைத் தட்டாதீங்க... ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே பேசாம போன்ல கட்டைவிரல் படம் அனுப்பறீங்களே, அதுவும் வாளி தட்டுறதுதான்! ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. இன்னொருத்தர் குரல் கொடுங்க. அவ்வளவுதான், மதகு திறந்துடும்.

என் கல்யாணப் பரிசு தஸ்தகீர் பாயோட போன் நம்பர். சண்டை வந்த உடனே அவரைக் கூப்பிடுங்க. அவர் தெருமுனைக்கு வந்து சேர்றதுக்குள்ள, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிருப்பீங்க!