மேல் வரிசையில் பெரணி வைக்கக் கூடாது

தண்ணீர் மேலிருந்து கீழேதான் இறங்கும் என்பதை மறக்காமல் இருந்தால் போதும், சுவர்த் தோட்டம் போடுவது பெரிய வித்தையில்லை. நம் காலனியில் பாதிப் பேர் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கீழ் டின்னில் செடி அழுகுகிறது, மேல் டின்னில் காய்கிறது, உடனே மண் சரியில்லை என்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

லூர்துமேரி, லேடீஸ் கிளப் ஆண்டு மலருக்கு என்னை எழுதச் சொன்னாய். ஐந்தாவது வருடமாகத் தோட்டப் போட்டி ஷீல்டு எனக்கு வந்திருக்கிறது, எண்பத்தாறாம் வருட மலரில் என் கட்டுரை இல்லாமலா என்றாய். "எந்தச் செடிய எங்க வைக்கிறீங்க, ஏன் வைக்கிறீங்க, எல்லாம் எழுதணும். எதையும் மறைக்கக் கூடாது, ஆமா" என்றும் சொன்னாய். நான் மறைக்கப் போவதில்லை. எதை அச்சில் போடலாம் என்பதை நீயே பார்த்துக்கொள்.

எங்கள் குவார்ட்டர்ஸின் வாசல் சுவர் தெற்குப் பார்த்தது. அதில் ஐந்து வரிசை இரும்புச் சட்டம். வரிசைக்கு ஆறு கொக்கி, கொக்கிக்கு ஒரு டால்டா டின். சட்டத்தை வெல்டிங் ஷாப் சூசைராஜ் அடித்துக் கொடுத்தார். தொழிற்சாலை இரும்பு எப்படி கேட்டைத் தாண்டி வந்தது என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

மேல் வரிசைக்கு வெயிலையும் தாகத்தையும் தாங்குகிற செடி வேண்டும். குரோட்டன் வைக்கலாம், பத்துமணிப் பூ வைக்கலாம். குரோட்டனுக்கு வெயில் படாவிட்டால் சிவப்பு வெளுத்துப் பச்சையாகிவிடும். நடு வரிசைகளில் கோலியஸ், கற்பூரவல்லி. கடைசி வரிசையில் மணி பிளான்ட், பெரணி. பெரணி பணக்கார வீட்டுச் சம்பந்தி மாதிரி, நிழல், ஈரம், உபசாரம் மூன்றில் ஒன்று குறைந்தாலும் முகம் வாடிவிடும். அதை ஒருநாளும் மேலே வைக்கக் கூடாது. நான் ஒரே ஒரு முறை வைத்தேன். அதைச் சொல்லத்தான் போகிறேன்.

இன்னொரு விஷயம், வைத்த டின்னை வைத்த இடத்திலேயே விட்டுவிடக் கூடாது. வெயில் இடம் மாற மாற டின்னும் மாற வேண்டும். நான் தினமும் நாலைந்து டின்னையாவது மாற்றுவேன். அதனால் எங்கள் வீட்டில் ஒரு டின் இடம் மாறியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

என் தங்கை யூனிஸை உனக்குத் தெரியும். எங்கள் அப்பா எழுபத்திரண்டில் வேலையில் இருக்கும்போதே இறந்தார். வாரிசு வேலை யாராவது ஒருவருக்குத் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு முப்பத்துநாலு, வயது தாண்டிவிட்டது என்றார்கள். பத்தொன்பது வயது யூனிஸுக்கு டைப்பிஸ்ட் வேலை வந்தது, அவள் பெயரில் இந்த குவார்ட்டர்ஸ் வந்தது. அம்மா எப்போதோ போய்விட்டாள். யூனிஸுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது, காய்ச்சலுக்குக் கண்விழித்தது எல்லாம் நான். வீடு அவள் பெயரில், அவள் என் கையில். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

எழுபத்தெட்டில் எதிர் பிளாக்கின் மாடிக்கு டேவிட்சன் என்ற பையன் குடி வந்தான். ஷிஃப்ட் வேலை. நம் சபைதான், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழில் பாதி ஹிந்தி கலந்திருக்கும். ஒரு நாள் ஒரு குரோட்டன் செடியை எடுத்துக்கொண்டு வந்தான். ரத்தச் சிவப்பு, அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை.

"அக்கா, இது உங்க தோட்டத்துக்கு. மேல் வரிசைல வெச்சா தூரத்துலருந்தே தெரியும்" என்றான்.

"இவ்வளவு நல்ல செடிய எனக்கு ஏன் தர்றீங்க தம்பி?"

"எங்க பக்கம் வெயிலே நக்கோங்குது அக்கா, வரவே மாட்டேங்குது. இங்கயாவது நல்லா இருக்கட்டும்."

நல்ல பதில். எதிர் பிளாக் வடக்குப் பார்த்தது, அங்கே குரோட்டன் நிறம் பிடிக்காது. செடி தெரிந்த பையன் என்று சந்தோஷப்பட்டேன். மேல் வரிசையில் மாட்டினேன்.

அதன் பிறகு குரோட்டனுக்குக் கால் முளைத்தது. நான் இடது ஓரத்தில் மாட்டினால் வலது ஓரத்தில் இருக்கும். மேலே மாட்டினால் கடைசி வரிசையில் பெரணியோடு தொங்கும். யூனிஸுக்கு அதுவரை பத்துமணிப் பூவுக்கும் பரங்கிப் பூவுக்கும் வித்தியாசம் தெரியாது. அவளுக்குத் திடீரென்று தோட்டத்தில் கை வந்துவிட்டதென்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு நாள் யூனிஸின் சர்ச் பாட்டுப் புத்தகத்தில் ஒரு பாட்டைத் தேடியபோது காகிதம் விழுந்தது. டேவிட்சனின் கையெழுத்து. குரோட்டன் மேல் வரிசை இடது ஓரம் என்றால் சனிக்கிழமை ஐந்து மணிக்கு மௌலா அலி மலையடிவாரம். வலது ஓரம் என்றால் போலாரம் பஸ் ஸ்டாப். கடைசி வரிசை என்றால் வர முடியாது. அவனுக்கு ஷிஃப்ட், இவளுக்கு ஆபீஸ், வீட்டில் நான். போன் கிடையாது. அதனால் என் சுவரைத் தந்தி ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் முதலில் சிரிப்புத்தான் வந்தது. காகிதத்தை அதே பக்கத்தில் வைத்து மூடினேன்.

அடுத்த சனிக்கிழமை யூனிஸ் குரோட்டனை இடது ஓரத்தில் வைத்துவிட்டு அரைநாள் ஆபீஸுக்குப் போனாள். நான் வலது ஓரத்துக்கு மாற்றினேன். வெயில் அங்கேதான் நன்றாக இருந்தது. மத்தியானம் அவன் மாடியில் வந்து பார்த்துவிட்டு உள்ளே போன பிறகு, அவள் வருவதற்குள் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். சாயந்திரம் அவன் ஸ்கூட்டர் போலாரம் பக்கம் போனது, அவள் கொயர் பிராக்டிஸ் என்று சொல்லிவிட்டு மௌலா அலிக்குப் போனாள். ஏழு மணிக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினாள். "பிராக்டிஸ் எப்படிம்மா?" என்றேன். "யாருமே வரல" என்றாள். அன்றைக்கு அவள் பொய் சொல்லவில்லை, பார்.

இப்படி நாலு வாரம் நடந்தது. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். சர்ச்சில் என் கண்ணெதிரே பேச முடியாமல் பாட்டுப் புத்தகத்தில் வைத்துக் கைமாற்றிய கடிதங்கள் எனக்குத் தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்தன. நான் இடதில்தான் வைத்தேன் என்கிறாள் இவள். வலதில்தான் இருந்தது என்கிறான் அவன். யாருடைய இடது, வீட்டிலிருந்து பார்த்தா, ரோட்டிலிருந்து பார்த்தா என்று மூன்று பக்கம் விவாதம். இஞ்சினியரிங் டிப்ளமோ படித்தவன். கடைசியில் இரண்டு பேரும் சமாதானமாகி, இனிமேல் இடது வலது கிடையாது, மேலே என்றால் வா, கீழே என்றால் வராதே என்று முடிவு செய்தார்கள். எனக்கும் வேலை சுலபமாயிற்று.

எழுபத்தொன்பது மார்ச்சில் வந்த கடிதம்தான் வேறு மாதிரி இருந்தது. அவனுக்குப் பீகார் பக்கத்து யூனிட்டுக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருந்தது. கல்யாணம் என்றால் மறுத்து எழுதிவிடலாம், இங்கேயே இருக்கலாம். முடிவை அவளிடம் விட்டிருந்தான். "இந்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட். ஞாயிறு காலை வந்து தூங்கிவிடுவேன். பன்னிரண்டு மணிக்கு எழுந்து பார்ப்பேன். குரோட்டன் மேலே இருந்தால் சாயந்திரம் அம்மாவை அழைத்துக்கொண்டு அக்காவிடம் பெண் கேட்க வருகிறேன். கீழே இருந்தால் திங்கள் காலை ரயில் ஏறிவிடுவேன். அதற்குமேல் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்." கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான்: "அக்காவைத் தனியே விட மாட்டோம். நம் வீட்டில் பின் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்."

பின் அறை. பதினைந்து வயது மூத்தவளை, தாய்க்குத் தாயாக இருந்தவளை, மூட்டை மாதிரி பின் அறையில் வைப்பார்களாம். கல்யாணமானால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே குவார்ட்டர்ஸ்தான் என்பது விதி. அவனுடையது பெரியது, அதைத்தான் வைத்துக்கொள்வார்கள். இதைக் காலி செய்ய வேண்டியிருக்கும். நான் குவார்ட்டர்ஸைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்த வீட்டு வராந்தா வடக்குப் பார்த்தது என்பதைத்தான் யோசித்தேன். முப்பது செடியின் உயிர் அது.

ஞாயிறு காலையில் யூனிஸ் ஐந்து மணிக்கே எழுந்து கேசரி கிண்டினாள். ஏன் என்றதற்குச் சும்மா ஆசையாக இருக்கிறது என்றாள். குரோட்டனை எடுத்து மேல் வரிசையின் நட்டநடுவில் மாட்டினாள். இரண்டு தடவை தள்ளி நின்று பார்த்தாள். நீலப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிலில் விரித்து வைத்தாள்.

"நீ வரலயாக்கா சர்ச்சுக்கு?"

"தலைவலிடி. நீ போய்ட்டு வா."

"டீ போட்டுத் தந்துட்டுப் போகட்டா?"

"வேண்டாம். லேட்டாகுது, போ."

வாசல் வரை போனவள் திரும்பி வந்து என் நெற்றியில் தைலம் தடவிவிட்டுத்தான் போனாள். ஆராதனை முடிந்து புனித வெள்ளிப் பாட்டு ஒத்திகை. செகந்திராபாத்திலிருந்து பஸ் பிடித்து வர இரண்டு மணியாகும்.

பதினொன்றரைக்கு நான் குரோட்டனைக் கழற்றிக் கடைசி வரிசையில் மாட்டினேன். அங்கே இருந்த பெரணிக்கு இடமில்லாமல் போனது, அதை மேலே வைத்தேன். பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில் எதிர் மாடியில் டேவிட்சன் வந்து நின்றான். பனியனோடு, தூக்கக் கண்ணோடு. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். நான் கீழே நின்று கற்பூரவல்லிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "என்ன தம்பி, எந்திரிச்சாச்சா?" என்றேன். "ஹவ் அக்கா" என்று ஆமாம் போட்டான். வேறு என்ன சொல்வான்? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு மணிக்குப் பெட்டியோடு ஸ்கூட்டர் ஏறிப் போய்விட்டான்.

ஒன்றரைக்கு எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். யூனிஸ் வந்து பார்த்தபோது குரோட்டன் அவள் வைத்த இடத்தில் சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு நீலப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்தானது, ஆறானது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்தாள். ஏழு மணிக்கு நான் கேசரியை இரண்டு தட்டில் போட்டேன். அவள் தொடவில்லை. நன்றாகத்தான் வந்திருந்தது, முந்திரி மட்டும் கொஞ்சம் கூடுதல். வீணாக்கக் கூடாதென்று அவள் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை எதிர் வீடு பூட்டியிருந்தது. அன்று காலை அவள் தண்ணீர் ஊற்றும்போது, "என்னக்கா, பெரணி நுனியெல்லாம் கருகிக் கிடக்கு? கீழேதானே இருந்துச்சு?" என்று கேட்டாள். "நேத்து அனல் காத்துடி" என்றேன். இரண்டு மணி நேர வெயிலுக்கே அந்தக் கதி. என் முப்பது வருடத் தோட்ட அனுபவத்தில் நான் தெரிந்தே செய்த தப்பு அது ஒன்றுதான். அந்தப் பெரணியிடம் மனதார மன்னிப்புக் கேட்டேன்.

தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதியவன் பீகாரிலிருந்து மூன்று கடிதம் போட்டான். ஏன் என்று மட்டும் சொல் என்று மூன்றிலும் கேட்டிருந்தான். வாக்கைக் காப்பாற்றாதவன் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நல்லவேளை, என் தங்கை தப்பித்தாள். தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார், அப்போது அவள் ஆபீஸில் இருப்பாள். கடிதங்களைக் கிழித்துப் பெரணி டின்னின் அடியில் போட்டு மேலே மண் நிரப்பினேன். இதை மலரில் அவசியம் போடு: டின் அடியில் காகிதம் போட்டால் ஈரம் நிற்கும். பெரணி ஒரே மாதத்தில் துளிர்த்துவிட்டது. தினமும் காலையில் யூனிஸ்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அவன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான் என்று கேள்வி. யூனிஸுக்கு அப்புறம் வந்த இரண்டு வரனையும் அவளே வேண்டாம் என்றாள், அதில் என் கை எதுவும் இல்லை. இப்போது அவளுக்கு முப்பத்துமூன்று. ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் சர்ச். அதிகம் பேசுவதில்லை. என்னோடு நிம்மதியாக இருக்கிறாள். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன, வளர்த்தவளுக்குத் தெரியாதா?

மலரைப் பிரதி எடுக்க டைப் அடித்த ஸ்டென்சில் நாளைக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்தினாயே, அதனால் எழுத எழுத ஒவ்வொரு தாளாக யூனிஸிடமே கொடுத்துவிடுகிறேன். கிளப்பின் தமிழ் டைப்ரைட்டரை உள் அறை மேஜையில் வைத்துக்கொண்டு மத்தியானத்திலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறாள். நீ பயப்படாதே. டைப் அடிக்கிறவர்கள் எழுத்தைத்தான் பார்ப்பார்கள், விஷயத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். கேசரி வரைக்குமான தாள்கள் போயாயிற்று.

சத்தம் நின்று கொஞ்ச நேரமாகிறது. ஸ்டென்சில் தாள் மாற்றுகிறாள் போலிருக்கிறது.