மூன்று சுவர் நன்றாக இருந்த வீடு

பூட்டிக் கிடக்கிற வீட்டைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குக் கள். எனக்கு இந்த வியாதி. துருப்பிடித்த பூட்டு ஒன்று கண்ணில் பட்டால் போதும், வீட்டுக்காரர் தாராபுரத்தில் இருந்தாலும் பஸ் ஏறிப் போய் அவர் முன்னால் நிற்பேன். இந்த அக்கறையில் கால்வாசியை மனைவியிடம் காட்டியிருந்தால் அவள் தாய்வீட்டோடு தங்கியிருக்க மாட்டாள்.

ஆத்தப்பன் என்றால் திருப்பூரில் யாருக்கும் தெரியாது. பாழ்வீட்டு ஆத்தப்பன் என்றால் தெரியும். பனியன் கம்பெனிகள் பெருகப் பெருக, சனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குத் தலைசாய்க்க இடமில்லை. வௌவால்கள் மட்டும் நான்கு அறை வீட்டில் சௌகரியமாக இருந்தன. பொறுக்க முடியாமல், பத்து வருடத்தில் நாற்பத்தோரு வீடுகளில் மறுபடியும் அடுப்பெரிய வைத்தேன். முனிசிபாலிடியில் என்றாவது மாலை போடுவார்கள் என்று ஒரு வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். இன்று போட்டு வந்திருப்பது அதுதான்.

நாற்பத்திரண்டாவது, நீங்கள் பார்த்துவிட்டு வந்த அந்த ஓட்டு வீடு. பன்னிரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கொத்தனார் வீரனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“மண்ணு ஊறி வயிறு தள்ளிருச்சுங்க. ஒரு பெருமழைக்குத் தாங்காதுங்க. இடிச்சுக் கட்டீட்டு ஆளை உடுங்க.”

“மத்த மூணு செவுரு?”

“அதெல்லாம் கல்லாட்டம் இருக்குதுங்க.”

நான்கில் மூன்று. பள்ளிக்கூடத்தில் நான் இவ்வளவு மார்க் வாங்கியதே கிடையாது. மேற்குச் சுவருக்கு மட்டும் இரண்டு தடவை கூடுதலாகச் சுண்ணாம்பு அடித்தேன்.

மடத்துக்குளத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவன் அப்புசாமி. மனைவி ரங்காத்தாள், ஐந்து வயது மகள் அமராவதி. ஒரு மாதமாக மூவரும் சத்திரத்துத் தாழ்வாரத்தில் படுத்திருந்தார்கள். வீட்டைப் பார்த்ததும் அப்புசாமிக்குப் பிடித்துவிட்டது. ரங்காத்தாள் விவரமானவள். நேராகப் போய் மேற்குச் சுவரில்தான் கை வைத்தாள்.

“ஏனுங்க, இந்தச் செவுரு மட்டும் சில்லுனு இருக்குதுங்களே. மனசு ஒப்பலீங்க.”

“புதுச் சுண்ணாம்புங்க அம்மிணி.”

“மாரியாத்தா கிட்டப் பூக் கேட்டுப் பாக்கறனுங்க. ஆத்தா குடுத்தா வாறோம்.”

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. சாமி காலடியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அப்படியே ஆற்றில் போட்டுவிடுவார்கள்.

பொட்டலம் கட்டுகிற வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். செவ்வரளிக்கு இரண்டு தெரு நடக்க வேண்டும், வெயில் வேறு. இரண்டிலும் வெள்ளையே வைத்தேன். சோம்பல் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அந்த வீடு மறுபடி பூட்டிக்கொள்ளுமோ என்று பயம்.

“எடு கண்ணு,” என்றேன். எதை எடுப்பது என்று அமராவதி வெகுநேரம் யோசித்தாள், பாவம். வெள்ளையைப் பார்த்ததும் கை தட்டினாள். நானும் தட்டினேன்.

ஐப்பசி மழையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரங்காத்தாள் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். அப்பனும் மகளும் படுத்திருந்தார்கள். மேற்குச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. இருவரும் பிழைக்கவில்லை. மற்ற மூன்று சுவரும் வீரன் சொன்னது போலவே நிற்கின்றன.

மழையால் நேர்ந்த விபத்து என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். ரங்காத்தாளும் எனக்காகப் பேசினாள். “அவரு மேல குத்தமில்லீங்க. ஆத்தா பூக் குடுத்துத்தானுங்க போனோம். நான்தான் ஏதோ பாவம் பண்ணியிருக்கறனுங்க.”

கேட்க வெட்கமாக இருந்தது. கூடவே கொஞ்சம் எரிச்சலும் வந்ததை மறைப்பானேன்? நாற்பத்தோரு வீடு என் பேரில் இருக்க, இது மட்டும் ஆத்தா பேரில் போவதா? இனி எவரையும் ஏமாற்றுவதில்லை என்று அன்றே சத்தியம் செய்துகொண்டேன்.

இன்று காலை ரங்காத்தாள் என் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

“இன்னொருக்காப் பூக் கேக்கணுங்க. அவங்க ரெண்டு பேரு பின்னால நானும் போயரட்டுமான்னு. கெணறு கிட்டத்துலதான் இருக்குதுங்க. பொட்டலத்தை நீங்களே கட்டிக் குடுங்க சாமி. உங்க கை ராசியான கை.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டிலும் சிவப்பை வைத்திருக்கலாம். அந்த யோசனையும் வந்தது. ஆனால் சத்தியம் சத்தியமல்லவா? இரண்டு தெரு நடந்துபோய்ச் செவ்வரளி பறித்தேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. துளி ஏமாற்று இல்லை. கும்பிட்டு வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நான் சட்டையை மாற்றிக்கொண்டு, மனசு லேசாகி, நடந்தே இங்கு வந்தேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள் ஐயா? தொப்பியை வைத்துவிட்டு உட்காருங்கள். நான் திருந்தியதை நீங்கள் இன்னும் எழுதிக்கொள்ளவில்லை.