எட்டு மணி நேரம் பொறுக்க வேண்டும்

வேட்டைக்காலம் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே நான் என் உள்ளாடைகளைத் தனியாகத் துவைக்க ஆரம்பித்துவிடுவேன். வாசனையில்லாத சோப்பில் அலசி, வெயிலில் உலர்த்தி, பைன் இலை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி வைப்பேன். சிரிக்காதீர்கள், லிண்ட்ஹோம் மேடம். மானுக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிது. நீங்கள் நேற்றுச் சாப்பிட்ட வெங்காயம் இன்று அதற்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்டது கர்ட்டைப் பற்றி என்பதை நான் மறக்கவில்லை. வருகிறேன். எதையும் வரிசையாகச் சொல்லியே பழகிவிட்டேன். பதினெட்டு வருடமாக நம் ஊர் வாரப் பத்திரிகையில் ‘பரண் மேலிருந்து’ என்ற பத்தியை எழுதுவது நான்தான். விஸ்கான்சினில் இந்தப் பக்கம் வில் எடுக்கிற எவனும் வெர்லின் ஹாக்ஸ்டாட் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்காமல் மரம் ஏறமாட்டான். ஒருவனைத் தவிர. அவன்தான் என் தங்கை மார்லிஸின் கணவன், கர்ட் பிரெல்விட்ஸ்.

செப்டம்பர் நடுவில் வில்வேட்டை திறக்கும். அப்போது மானுக்கு வயிறுதான் உலகம். சோயா வயலின் ஓரத்திலும், ஓக் என்கிற கருவாலி மரம் கொட்டை உதிர்க்கிற இடத்திலும் பரண் போட வேண்டும். காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். முதுகில் அடித்தால் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. நான் அப்படிப் பல நாள் போயிருக்கிறேன்.

கர்ட் போகமாட்டான். பொரித்த சாசேஜைப் பையில் போட்டுக்கொண்டு, வாயில் சிகரெட்டோடு பரண் ஏறுவான். அவசரம் வந்தால் இறங்குகிற வேலையெல்லாம் கிடையாது, மேலேயே நின்று முடித்துக்கொள்வான். “நானும் பரண் மேலேருந்துதான் எழுதுறேன் மச்சான்,” என்பான். கையில் மஞ்சள் கம்பளிக் கையுறை. கடுகுப் பூ மாதிரி கண்ணைப் பறிக்கிற மஞ்சள். மார்லிஸ் பின்னிக் கொடுத்ததாம், கழற்ற மனசு வரவில்லையாம். நாண் இழுக்கிற வலது கையில் மட்டும் கழற்றுவான்.

அப்படிப்பட்டவனுக்கு வருடம் தவறாமல் ஒரு கலைமான் விழுந்தது. அவன் கார் ஷெட் சுவரில் பதினொரு தலைகள் வரிசையாகத் தொங்குகின்றன. என் சுவரில் இருப்பது ஒரே ஒரு சின்னக் கொம்பு. அதில் என் மனைவி அடுப்படிக் கையுறையை மாட்டுகிறாள்.

எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். அவசரப்பட்டு அம்பு விடாதவனுக்கு மான் குறைவாகத்தான் கிடைக்கும். சரியான கோணம் அமையாமல் நான் விட்டுக்கொடுத்த மான்கள் எத்தனையோ. அம்பு தப்பான இடத்தில் பட்டால் அந்தப் பிராணி எவ்வளவு அவதிப்படும் என்று நான் யோசிப்பேன். கர்ட் யோசிக்கமாட்டான், ஆனால் அவன் அம்பு போய்ச் சரியாக நெஞ்சில் நிற்கும். இதற்கு என்ன நியாயம் இருக்கிறது, சொல்லுங்கள்.

பிப்ரவரியில் நம் லூத்தரன் கோயிலின் கீழ்த்தளத்தில் மான்கறி விருந்து நடக்குமே, போன வருடம் நீங்களும் வந்திருந்தீர்கள். எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், “இது உங்க மானா வெர்லின், நல்லா இருக்கே?” என்று என்னைத்தான் கேட்டார். கர்ட் வாயில் இருந்ததை விழுங்கக்கூட இல்லை. “மச்சான் எழுதுவாரு, நான் அடிப்பேன். ஒரு குடும்பத்துக்கு ரெண்டு பேரும் வேணும்ல?” என்றான். மேசையே சிரித்தது. உருளைக்கிழங்குக் கிண்ணத்தோடு நின்றிருந்த பாஸ்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கும் வேடிக்கை புரியும்.

இப்போது அந்த மானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுத்தில் பாதிரியார் காலர் மாதிரி வெள்ளைப் பட்டை அகலமாக இருந்ததால் அதற்கு ‘பாஸ்டர்’ என்று பெயர் வைத்தேன். நான்கு வருடம் என் நிலத்தில், என் கேமராக்களில் வளர்ந்தது. நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருக்கின்றன. மூன்று வயதில் இருபது கஜ தூரத்தில் வந்து நின்றது, இன்னும் வளரட்டும் என்று வில்லைத் தாழ்த்தினேன். என் மகள் கல்யாணப் படங்களைக்கூட நான் அத்தனை தடவை பார்த்ததில்லை. இந்த வருடம் அதன் கொம்பில் பன்னிரண்டு கிளை. அது எனக்கு விழுந்திருந்தால் அந்த மேசையில் ஒருவனும் வாயைத் திறந்திருக்கமாட்டான்.

ஆகஸ்டில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை பரண்களைச் சரிபார்ப்பது. மரத்தோடு சேர்த்துக் கட்டும் பட்டைகள் வெயிலில் இற்றுப்போகும், அணில் கடிக்கும். வருடா வருடம் மாற்ற வேண்டும். இதை ஒன்பது முறை எழுதியிருக்கிறேன். இந்த ஆகஸ்டில் என் ஆறு பரண்களில் ஐந்துக்குப் புதுப் பட்டை போட்டேன். கருவாலி மரத்துப் பரணுக்கு வரும்போது பட்டை தீர்ந்துவிட்டது.

நவம்பர் முதல் வாரம்தான் எங்கள் பண்டிகை. பெட்டையைத் தேடி ஆண்மான் புத்தி கெட்டு அலையும். அப்போது விடியலில் ஏறினால் இருட்டும் வரை இறங்கக் கூடாது. ரொட்டியும் சீஸும் எடுத்துக்கொள்ளுங்கள். மொறுமொறுப்பான எதுவும் வேண்டாம், சத்தம் போடும்.

ஆறாம் தேதி கர்ட்டை நானே அழைத்தேன். மார்லிஸுக்கு ஒரே சந்தோஷம், அண்ணனும் புருஷனும் கடைசியில் ஒன்றாகப் போகிறார்கள் என்று. அன்று காற்று வடமேற்கிலிருந்து வீசியது. கருவாலிப் பரணுக்கு அது ஆகாத காற்று. அதனால் அதை அவனுக்குக் கொடுத்துவிட்டு, நூற்றைம்பது கஜம் தள்ளியிருந்த பரணை நான் எடுத்துக்கொண்டேன்.

“மாப்ளே, இடுப்பு வாரை மரத்தோட மாட்டிக்கோ,” என்றேன். நான் சொன்னேன், மேடம். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

“மானடிக்கக் கூட்டிட்டு வந்தீங்களா, வண்டி இழுக்கக் கூட்டிட்டு வந்தீங்களா?” என்று சிரித்துக்கொண்டே ஏறினான். அவன் வார் மாட்டமாட்டான் என்பது இந்த ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

காலை ஏழு இருபதுக்கு பாஸ்டர் வந்தது. ஆகாத காற்றில், சிகரெட் புகைக்கு நடுவே, நேராக அவன் மரத்தை நோக்கி நடந்து வந்தது. வயிறு எப்படி எரிந்தது என்று உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. கர்ட் எழுந்தான், இழுத்தான், விட்டான். மான் நாற்பது அடி வைத்து ஓடிச் சரிந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அந்த மடையன் பரண் மேலேயே குதித்தான். முதல் குதிப்புக்குப் பட்டை தாங்கியது. இரண்டாவதற்குத் தாங்கவில்லை.

இருபதடி இருக்கும். கீழே ஒரு வெட்டுமரக் கட்டை. அதன் மேல்தான் விழுந்தான்.

இங்கேதான் புதியவர்கள் தவறு செய்வார்கள். உடனே இறங்கி ஓடுவார்கள். கூடாது. அம்பு பட்டதும் அரைமணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். வயிற்றுப் பக்கம் அடிபட்டிருந்தால் எட்டு மணி நேரம் பொறுக்க வேண்டும். நீங்கள் நெருங்கினால் அது பயத்தில் எழுந்து ஓடும், அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. விட்டுவிட்டால் படுத்த இடத்திலேயே இருக்கும்.

“மச்சான், இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. போன் மேல பையில இருக்கு. யாரையாவது கூப்புடுங்க.” குரல் தெளிவாகத்தான் கேட்டது. இலையெல்லாம் உதிர்ந்த காடு. அவன் போன் பரணுக்கு மேலே கொக்கியில் தொங்கிய பைக்குள் இருந்தது. என்னுடையது என் சட்டைப்பையில் இருந்தது.

அரைமணி கழித்து இறங்கினேன். மானிடம் போனேன்.

“என்ன மச்சான், மான் எங்கயும் ஓடாது. மொதல்ல இங்க வாங்க,” என்றான். அப்போதும் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. நான் கிண்டல் செய்கிற ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் அம்பை உருவிப் பைக்குள் வைத்தேன். என் வேட்டை அனுமதி எண்ணைக் கொடுத்து போனில் மானைப் பதிவு செய்தேன். மறுநாள் மாலை வரை அவகாசம் உண்டு, ஆனால் நான் எதையும் தள்ளிப்போடுவதில்லை.

படம் எடுப்பதற்கும் முறை இருக்கிறது. நாக்கை வாய்க்குள் தள்ள வேண்டும். ரத்தத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வெயில் மான் முகத்தில் விழ வேண்டும். போனை ஒரு கட்டை மேல் சாய்த்து, பத்து விநாடி வைத்து, கொம்பைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். எட்டு மணி ஐந்து நிமிடம். மூன்று படம் எடுத்தேன். முதல் இரண்டில் கண்ணை மூடியிருந்தேன். பத்திரிகைக்குக் கெடு அன்று மதியம், அதனால் மூன்றாவதை அங்கிருந்தே அனுப்பிவிட்டு என் பரணுக்குத் திரும்பினேன். முதுகெலும்பில் அடிபட்டவனை அசைக்கக் கூடாது என்று எல்லா முதலுதவிப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. நான் அவனைத் தொடவே இல்லை.

நடுவில் இரண்டு தடவை அவன் போன் மரத்தில் அடித்தது. மார்லிஸாகத்தான் இருக்கும். நான் சீஸ் ரொட்டியைச் சாப்பிட்டேன். மூன்று இருபதுக்கு இறங்கி, அவனைப் பார்த்துவிட்டு, அவசர எண்ணுக்கு அழைத்தேன். பகல் ஒரு மணி வாக்கில் போயிருப்பான் என்று உங்கள் பிரேதப் பரிசோதனை மருத்துவர் சொல்கிறார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் கர்ட்டின் மரணச் செய்தி, ஆறாம் பக்கத்தில் என் பத்தி, பெரிய படத்தோடு. மானை நான் அடித்ததாகவும், வேறு திசையில் உட்கார்ந்திருந்ததால் கர்ட் விழுந்தது மாலை வரை தெரியாது என்றும் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அடக்கத்துக்கு வந்தவர்களில் நான்கு பேர் என் கையைக் குலுக்கினார்கள். இரண்டு பேர் துக்கத்துக்கு, இரண்டு பேர் மானுக்கு.

மறுநாள் மதியம் மார்லிஸ் பேப்பரோடு என் வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேசையில் விரித்துப் போட்டு, கொம்புகளுக்குப் பின்னால், மரங்களின் அடியில், ஒரு மஞ்சள் புள்ளி மேல் விரலை வைத்தாள்.

“இது என்ன அண்ணா?”

“இலையா இருக்கும்.”

“நவம்பர்லயா?”

அவள் பேப்பரை என் பக்கம் திருப்பினாள்.

“படத்துல மத்ததெல்லாம் தெளிவா இருக்கு. உன் சட்டைப் பட்டன் தெரியுது. இது மட்டும் கலங்கியிருக்கு.” அவள் அழவில்லை. “ஆட்டுறாருண்ணா. உன்னப் பாத்து கைய ஆட்டுறாரு.”

பின்னணியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் படம் எடுங்கள் என்று நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஆனால் வேட்டைக்காரன் தன் படத்தில் கொம்பைத்தான் பார்ப்பான். இந்த ஊரில் அந்தப் படத்தைப் பார்த்த எல்லோரும் கொம்பைத்தான் பார்த்தார்கள். கர்ட்டைத் தேடியவள் மார்லிஸ் ஒருத்திதான்.

பட்டை தீர்ந்துவிட்டது என்று சொன்னேன் இல்லையா, அது சரியில்லை. என் கொட்டகையில் நீங்கள் எடுத்த இரண்டு பட்டைகளும் மிச்சம் இருந்தவைதான். அந்தப் பரணில் இருந்த பழையதை ஆகஸ்டிலேயே பார்த்தேன். முக்கால்வாசி அறுந்திருந்தது. அப்படியே விட்டேன். விட்டது நான்தான். கர்ட்டைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கொம்பை அளந்து சாதனைப் பட்டியலில் ஏற்றுகிற குழுவுக்கு இந்தத் தாள் போகுமா என்பது மட்டும் தெரிந்தால் நல்லது. நான்கு வருடம் வளர்த்தவன் பெயர் அதில் இருப்பதுதான் முறை.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், அத்தனை நேரம் அவன் கூப்பிடக் கூப்பிட எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று. அங்கேதான் என்னைத் தப்பாக எடைபோடுகிறீர்கள், மேடம். ஒரு உயிர் துடிப்பதைப் பார்க்க எனக்கு மனசு வராது, அது இந்த ஊருக்கே தெரியும். அன்றும் நான் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.