மூன்று விநாடி

மரக்காணத்து உப்புக் காற்றில் எந்த இரும்பு ஸ்க்ரூவும் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது. அதனால் நான் பித்தளைதான் போடுவேன். செலவு கூடினாலும் அதில் குறை வைத்ததில்லை.

பக்கத்தில் கூனிமேட்டில் எனக்கு ஒரு சிறிய பட்டறை. உப்பளத்து மோட்டார்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறேன். பெட்டிக்குள் ஒரு லாஜிக் சிப் இருக்கும். வாங்கி வரும்போது அதற்கு ஒன்றும் தெரியாது. எது நடந்தால் எதைச் செய்ய வேண்டும் என்று நாம்தான் எழுதி ஏற்ற வேண்டும். ஏற்றியதை மட்டும் அது செய்யும்.

சக்கரபாணியின் உப்பளத்துப் பெட்டியில் நான் எழுதியது எளிது. தண்ணீரில் மின்சாரம் கசிந்தால் அந்தக் கணமே மோட்டாரை நிறுத்து. பெட்டி மாட்டிய அன்று ஆட்களைக் கூப்பிட்டு விளக்கினேன். மோட்டார் தண்ணீர் இறைக்கும் உவர்நீர்க் குழியில் இறங்கிப் பாசி அள்ளும் பொன்னி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏம்பா தம்பி, மோட்டார் நிக்குமா, இல்ல என் மூச்சு நிக்குமா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“தாராளமா எறங்குங்கக்கா. மோட்டார் தானா நின்னுடும்” என்றேன்.

அதுவரை சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் குழியில் இறங்குவார்கள். அதன் பிறகு மோட்டார் ஓடும்போதே இறங்கினார்கள்.

சித்திரையில் சக்கரபாணி போன் செய்தார். “ஏம்பா கலையரசா, ஈரக் காத்து அடிச்சாலே உன் மோட்டார் படுத்துக்குது. இப்படி நின்னு நின்னு ஓடினா உப்பு என்ன வானத்துலேந்தா கொட்டும்? எதுனா பண்ணுப்பா.”

அவர் சொன்னது நியாயம். பெட்டியில் ஈரம் படிந்தால் ஒரு கணம் கசிவு போலவே தெரியும். ஈரம் புகாமல் அடைக்க இரண்டு நாள் வேலை. நான் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். கசிவு மூன்று விநாடி தொடர்ந்தால் மட்டும் நிறுத்து.

வரப்பில் பொன்னி சோறு தின்றுகொண்டிருந்தாள். “சாப்ட்டியா தம்பி?” என்றாள். சாப்பிட்டேன் என்றேன். எண்ணை மாற்றியதைச் சொல்லவில்லை. சொன்னால் பழையபடி மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்குவார்கள். சக்கரபாணி மறுபடி போன் செய்வார்.

பதினோராம் நாள் மோட்டார் வயரின் ஜாயின்ட் விட்டுக் கசிந்தது. பொன்னி குழிக்குள் இருந்தாள். மூன்று விநாடி கழித்து மோட்டார் நின்றது.

சாவுக்குப் போனேன். அவள் மகள் மலர்கொடி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். என்னால் உட்கார முடியவில்லை.

அந்த ஜாயின்ட்டைப் போட்ட எலக்ட்ரீஷியன் ஜான்சன், என்னோடு ஐடிஐயில் படித்தவன். போனில் அழுதான். “டேய், ஜாயின்ட் என்னுதுதான்டா. ஆனா உன் பெட்டி உடனே நிறுத்தியிருக்கணுமே. ஏன்டா நிறுத்தல?”

“தெரியலடா. வந்து பாக்குறேன்.”

மின் ஆய்வு அதிகாரி வரும் முன் போய்ப் பழைய எண்ணை ஏற்றினேன். புதிதாக ஏற்றினால், முன்பு இருந்தது சிப்பில் தங்காது. அதிகாரி சோதித்தபோது மோட்டார் உடனே நின்றது. பெட்டியில் குறையில்லை என்று எழுதிக்கொண்டார். யாரோ அன்று பெட்டியைத் தவிர்த்து நேராக வயர் கொடுத்துவிட்டுப் பிறகு கழற்றியிருக்க வேண்டும் என்றார். ஜான்சன் என்னைப் பார்த்தான். நான் அதிகாரியைப் பார்த்துத் தலையாட்டினேன்.

வயர் வேலை செய்தவன் என்று பிடித்துப் போன ஜான்சன் இப்போது சிறையில் இருக்கிறான். பொன்னியைக் கொன்றவன் நான். இதை நான் எனக்குள் மறுத்ததே இல்லை.

இதே மூன்று விநாடியை வேறு ஆறு உப்பளங்களிலும் ஏற்றியிருக்கிறேன். அங்கும் மோட்டார் ஓடும்போதே இறங்குகிறார்கள். இப்போது போய் மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். ஐப்பசி மழையில் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அப்போது ஒவ்வொன்றாக மாற்றிவிடுவேன். அதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகாது.