அண்ணன் உக்காந்தா எரியற லைட்டு

...வேணாம் தம்பி, மறுபடியும் பிரேக் ஆயில் ஊத்திப் பாக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. வயித்தெரிச்சலா இருக்கு. ஒருத்தர் ஆயில் ஊத்தினாரு. இன்னொருத்தர் நாலு சக்கரத்தையும் கழட்டி புதுசா பிரேக் கட்டை போட்டாரு. மூணாவது ஒரு புத்திசாலி இருந்தாரு பாருங்க... "அம்மா, லைட்டு எரியறதுதானே தொல்லை? பல்பைக் கழட்டிடறேன்"னாரு. அட கடவுளே! வீட்டுல குழந்தை அழுதா வாயைக் கட்டுவீங்களான்னு கேட்டுட்டு வந்துட்டேன். நீங்க வயர் வேலை மட்டும்தான் பாப்பீங்கன்னு பக்கத்து பட்டன்கடை அம்மா சொன்னாங்க. அதான் வந்தேன்.

என்ன, கார் சாவியைத் திருப்பவா? இந்தாங்க, திருப்பிட்டேன். மீட்டர்ல அந்த பிரேக் செவப்பு லைட்டு எரியுது. ஹேண்ட் பிரேக்கை எறக்கறேன்... அணைஞ்சிடுச்சு. பாத்தீங்களா! இப்படித்தான் மானத்தை வாங்குது. யாராவது பாத்தா எரியாது. எங்க அண்ணன் ஏறி உக்காந்தாத்தான் எரியும்.

அப்படிப் பாக்காதீங்க. நெசமாத்தான்.

அண்ணனுக்கு முட்டில ஆபரேஷன் ஆச்சு. காலை மடக்க வராது. வாரா வாரம் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான்தான் கூட்டிட்டுப் போவேன். மனுஷன் கொஞ்சம்... எப்படிச் சொல்றது... நல்ல ஆகிருதி. அவர் உக்காந்து கதவைச் சாத்தினதும் வண்டி ஒரு பக்கம் லேசா சாயும். நாலடி போனா டக்குனு செவப்பு லைட்டு. எறக்கி விட்டுட்டு துணி மூட்டையை ஏத்தினேன்னா அணைஞ்சிடும். நான் டெய்லர் தம்பி. பள்ளிக்கூடத்து யூனிஃபார்மெல்லாம் தெச்சு கடை கடையா குடுக்கறேன். பின்னாடி கிடக்குது பாருங்க, அத்தனையும் அரைக்கால் சட்டை.

இருக்கட்டும்னு விட்டிருக்கலாம். எங்க வீட்டுக்காரர் வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் அண்ணனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே, "உங்க அண்ணன் எடையைப் பாத்து வண்டியே பயந்து சிவக்குது"ன்னாரு. சிரிச்சாரு வேற. நானும்... சிரிக்கல. உதடு லேசா அசைஞ்சிருக்கும். அண்ணன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அடுத்த வாரம் வாசல்ல போய் ஹாரன் அடிக்கறேன், அண்ணி வந்து, "அவர் பஸ்ஸுல போயிட்டாரு"ங்கறாங்க. ஆபரேஷன் பண்ணின காலோட! அதுலேர்ந்து போன் பண்ணினா அண்ணிதான் எடுக்கறாங்க. குளிக்கறாராம். எப்பப் பண்ணாலும் குளிக்கறாரு. இத்தனை குளிச்சா மனுஷன் கரைஞ்சே போயிருக்கணும்.

எதைக் கழட்டறீங்க? ஹேண்ட் பிரேக்குக்குக் கீழ... ஓ, அங்க ஒரு சுவிட்சு இருக்கா? பிரேக்கைத் தூக்கினா அது போய் வண்டி பாடி இரும்புல பட்டு எர்த் ஆகி லைட்டை எரிய வெக்குது. சரி. ஆயில் டப்பாலயும் ஒண்ணு இருக்கு, அதையும் கழட்டிட்டீங்க. இப்ப ரெண்டும் இல்ல, லைட்டு எரியவே கூடாது. எரியல. அதான் மொதல்லயே எரியலியே தம்பி! எங்க அண்ணனுக்கு எங்க போறது இப்ப?

நான் உக்காரணுமா? பக்கத்து சீட்டுலயா? உக்காந்துட்டேன். குதிக்கணுமா? ரோட்டுல போறவங்க பாக்கறாங்க... குதிச்சாச்சு. எரியல. அண்ணன்ல பாதிகூட நான் வர மாட்டேன், இது என்ன கணக்கு...

சரி, நீங்களே உக்காருங்க. ஐயோ, ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கீங்க, நீங்க உக்காந்து என்ன எரியப்போகுது? கால் இடிக்குதா? அந்தக் கம்பியைத் தூக்கி சீட்டைப் பின்னாடி தள்ளுங்க. துணி மூட்டைக்காக நான்தான் முன்னாடி இழுத்து வெச்சேன். இன்னும் தள்ளுங்க...

எரியுது.

தம்பி, எரியுது! ஒண்ணுமே மாட்டல, ஆனா எரியுது! முன்னாடி இழுங்க... அணைஞ்சிடுச்சு. பின்னாடி... எரியுது.

என்னது அது, விரிப்புக்கு அடியில? வயரா? தோல் உரிஞ்சு கம்பி தெரியுதே. சீட்டு கடைசி வரைக்கும் போனா அதோட இரும்பு இந்த வயரை அமுக்கி எர்த் ஆக்குது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்குன்னு லைட்டு நெனச்சுக்குது. அவ்வளவுதானா?

அப்ப எடை இல்ல. முட்டி! கால் நீட்டிக்கணுமேன்னு ஒவ்வொரு தடவையும் நான்தானே சீட்டைக் கடைசி வரைக்கும் தள்ளி விடுவேன்...

நீங்க சுத்துங்க, டேப்பை நல்லா இறுக்கிச் சுத்துங்க. வயரை அந்தப் பக்கமாத் தள்ளிக் கட்டிடுங்க. நான் ஒரு போன் பண்ணிக்கறேன்.

அண்ணி, குளிக்கட்டும் பரவால்ல, சோப்போட குடுங்க... என்ன, வெளிய போயிருக்காரா? அவர் போன் அவர்கிட்டயே இருக்கா? சரி வைங்க, அதுலயே பண்றேன்.

...அண்ணா? வெச்சிடாத. வெச்சிடாதண்ணா. வண்டியில வயர் போயிருந்துச்சு. உன் எடை இல்ல, சீட்டைப் பின்னாடி தள்ளினதால. ஆமா, ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு தம்பி உக்காந்தாலும் எரியுது. சத்தியமா. உன் மாப்பிள்ளைய நான் கவனிச்சுக்கறேன், சாயந்திரம் உன் வீட்டுக்கு வந்து அவர் வாயாலயே சொல்லுவாரு... கேக்கறியா? என்ன சத்தம் அது, அழறியா? ஜலதோஷமா. சரி, ஜலதோஷம்தான். பஸ்ஸுலயா இருக்க? உக்காந்திருக்கியா, நிக்கறியா? ...நிக்கறியா. எறங்கு. அடுத்த ஸ்டாப்புல எறங்கி அங்கயே நில்லு. இல்ல, நிக்காத, எங்கயாவது உக்காரு. வர்றேன்.

தம்பி, இப்ப சீட்டு பின்னாடியே இருக்கணும், இந்த மூட்டையை இங்கயே வெச்சிட்டுப் போறேன், நீங்க கொஞ்சம்... தம்பி? அட, எங்க போனாரு? வயரைச் சுத்திக் கட்டி, சுவிட்சு ரெண்டையும் மாட்டியாச்சு, டேப்பு இங்க இருக்கு, ஆளைக் காணோம். டீ குடிக்கப் போயிட்டாரு போல. பேசிட்டிருக்கும்போதே போவாங்களா யாராவது?

சரி, இங்கயே கிடக்கட்டும். அரைக்கால் சட்டைய எவன் தூக்கிட்டுப் போகப்போறான்?