கண்ணைப் பார்த்தால்தான் பிஸ்கட்

திலக் நகர் போகும் பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பெண்கள். கழுத்தில் தொங்கிய அட்டைகளில் ஆட்டிசப் பிள்ளைகளுக்கான பள்ளியின் பெயர். மூத்தவர் ஆயா, இளையவர் டீச்சர்.

“நம்ம பாத்திமாப் பிள்ளை என் கண்ணைப் பாத்தாத்தான் பிஸ்கட் குடுக்கணும்னு டிரெயினிங் எடுக்கிற சாரு சொல்லுதாரு. முடியாதுன்னுட்டேன், டீச்சர்.”

“அவர்கிட்டயேவா அக்கா?”

“ஆமா. பாசி கோக்கற ஊசியையும் நூலையும் அவரு கையில குடுத்தேன். என் கண்ணையே பாத்துக்கிட்டு இதைக் கோத்துக் காட்டுங்க சார்னேன்.”

“ஐயோ! கோத்தாரா?”

“விரல்ல குத்திக்கிட்டாரு.”

“டிரெயினிங்ல அவரு ஃபெயில் போட்டா உங்க வேலையை பர்மனென்ட் பண்ண மாட்டாங்க அக்கா.”

“போடட்டும், ஜானே தோ, விட்டுத் தள்ளுங்க. என் முகத்தையே பாக்காம அந்தப் பிள்ளை இன்னைக்கு ஒரு பாசிமாலையை முழுசா கோத்துட்டா. நாளைக்கும் டிரெயினிங்குக்குப் போவேன். ஊசியோட.”