ஒன்பது புள்ளி முன்னிலையில் ஒரு டைம் அவுட்

விழாவுக்குத் தலைமையேற்று, "பத்தே நிமிடம்" என்று துண்டுச் சீட்டில் எழுதி என் கையில் திணித்திருக்கும் திருவல்லிக்கேணி விளையாட்டுக் கழகத் தலைவர், பெருமதிப்பிற்குரிய அப்துல் வஹீத் அவர்களே! வென்ற அணியை வளர்த்தெடுத்த பயிற்சியாளர், களத்திலே எனக்கு இருபது ஆண்டுகால எதிரி, களத்துக்கு வெளியே இருபது ஆண்டுகாலத் தங்கை, ஷாகிரா அவர்களே! முன்வரிசையை நிறைத்து, மன்றத்துக்கு மதிப்புச் சேர்த்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, பெற்ற பெண்ணின் பெருமையைப் பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் பிரியாணி வாசனை பிடித்துக்கொண்டு, இவர் எப்போது முடிப்பார் என்று ஏங்கிக்கொண்டிருக்கும் பெருமக்களே! பந்தோடு பறந்து, பார்த்தவரைப் பதறவைத்து, பட்டம் பறித்த பெண் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் தோற்றவனின் வணக்கம்!

ஆம், தோற்றவன்தான். கூச்சமில்லாமல் சொல்கிறேன். என் பெயர் கஸ்தூரிரங்கன். மயிலாப்பூரில் ஒரு மகளிர் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளன். ஆறு வாரத்துக்கு முன்னால், ரமலான் மாதத்து மாலையொன்றில், கல்லூரிகளுக்கிடையிலான இறுதிப் போட்டியில், அறுபத்தேழுக்கு அறுபத்தாறு என்று ஒரே ஒரு புள்ளியில் இந்தப் பெண்களிடம் தோற்றவன். தோற்கடித்தவர்களைப் பாராட்டத் தோற்றவனையே அழைத்திருக்கிறார்களே, இந்தக் குசும்பு வேறு எந்தப் பேட்டைக்கு வரும்? சிரியுங்கள், சிரியுங்கள். அழைப்பிதழைப் பார்த்து நானும் வீட்டில் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

எனக்குத் தந்த தலைப்பு, ஓட்ட ஆட்டத்தின் பலமும் பலவீனமும். அது என்ன ஓட்ட ஆட்டம் என்று தாய்மார்கள் கேட்கலாம். பந்து கையில் பட்டதா, எதிர்க் கூடையைப் பார்த்து ஓடு! எதிராளி திரும்பும் முன்னால் எறி! விழுந்தால் திரும்பி ஓடு, விழாவிட்டாலும் திரும்பி ஓடு! ஷாகிரா சொல்லிக்கொடுத்தது அதுதான். நான் சொல்லிக்கொடுத்தது வேறு. ஒவ்வொரு முறையும் பந்தை எறிய இருபத்து நான்கு நொடி அவகாசம் தருகிறது சட்டம். நாங்கள் இருபத்து மூன்றைச் செலவழிப்போம். இவளிடம் கொடுத்து, அவளிடம் வாங்கி, எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் பந்து எதிர்க் கூடைக்குப் போகும். எங்கள் ஆட்டத்தைப் பார்த்து, "தேர் வருதுடா, வழி விடு" என்று கத்தியவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறார்கள். அங்கே கை தூக்குகிறாரே, அவரேதான்!

ஓட்ட ஆட்டத்தின் பலம் என்ன? பயம்! எதிராளிக்கு யோசிக்க நேரம் தராத பயம்! எங்கள் அணியில் ஹம்சா என்று ஒரு பெண். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. கூடைக்குக் கீழே அவள் நின்றால், எதிரணிப் பெண்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். ஆனால் நிற்க விட்டால்தானே? அவள் எங்கள் கூடைக்கு வந்து சேரும்போது பந்து உள்ளே விழுந்திருக்கும். சரி என்று அவர்கள் கூடைக்குப் போனால், பந்து மறுபடியும் எங்கள் பக்கம் வந்திருக்கும். முதல் பாதி முடிந்ததும் அவள் என்னிடம் கேட்டாள்: "சார், பந்து இன்னா கலர்னே தெரியல சார். மேட்ச்சுல பந்து கீதா?" அப்போது நாங்கள் பதினொரு புள்ளி பின்னால் இருந்தோம்.

இன்னொரு பலமும் உண்டு. ஓட்ட ஆட்டத்தில் யாரும் பெஞ்சைத் தேய்ப்பதில்லை. ஓடுகிறவள் களைப்பாள், களைத்தவளுக்கு மாற்றாள் வேண்டும். ஷாகிராவின் கல்லூரி சின்னக் கல்லூரி, அணியில் எட்டே பேர். எட்டுப் பேரும் ஆடினார்கள், எட்டுப் பேரும் புள்ளி எடுத்தார்கள். என் அணியில் பன்னிரண்டு பேர். அதில் நாலு பேர் மூன்று ஆண்டுகளாகத் தண்ணீர் பாட்டிலைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். அது என் குற்றம், இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கைதட்டல் போதும். இனி பலவீனம். ஷாகிரா, முகத்தைத் திருப்பாதீர்கள்!

ஓடுகிற அவசரத்தில் கை போய் எதிராளி மேல் படும். பட்டால் பவுல், ஐந்து பவுல் ஆனால் வெளியே. அன்றைக்கு மூன்றாம் பகுதி முடிவதற்குள் இருவர் வெளியே. ஒருத்தி கணுக்கால் பிசகி, ஐஸ் கட்டியோடு ஓரத்தில். எட்டில் மூன்று போனால் ஐந்து. களத்தில் ஆட ஐந்து பேர் வேண்டும், மாற்றுக்கு ஒருத்தியும் இல்லை. மூச்சு வாங்கியது, பந்து கையிலிருந்து வழுக்கியது, கூடையில் பட்டுத் திரும்பியது. நாங்களோ எங்கள் தேரை நிதானமாக இழுத்துக்கொண்டே வந்தோம். பதினொன்று ஏழானது, ஏழு சமமானது, சமம் முன்னிலையானது. நான்காம் பகுதியில் நாலு நிமிடம் மிச்சமிருக்கையில் அறுபத்தொன்றுக்கு ஐம்பத்திரண்டு. ஒன்பது புள்ளி முன்னிலை எங்களுக்கு!

இந்த நேரத்தில் எந்தப் பயிற்சியாளரும் என்ன செய்வார்? டைம் அவுட் கேட்பார். ஒரு நிமிடம் ஆட்டத்தை நிறுத்தி மூச்சு விடவைப்பார். ஷாகிரா ஏன் கேட்கவில்லை? இருந்தால்தானே கேட்க! பின்பாதிக்கு உள்ள மூன்றையும் அம்மையார் தீர்த்துவிட்டார். ஒன்று, நடுவரிடம் நியாயம் கேட்க. ஒன்று, மூச்சு வாங்க. ஒன்று, அவருடைய செல்ல ஆட்டக்காரி அதீபா தூரத்திலிருந்து எறிந்த பந்து உள்ளே விழுந்த சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடிக்க! இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்! தலையைக் குனிந்துவிட்டார், எழுதிக்கொள்ளுங்கள்.

தலைவர் அவர்கள் இரண்டாவது சீட்டு அனுப்பியிருக்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. ஆனால் இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நாலு நிமிடம் மிச்சமிருக்கையில்தான் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நோன்பு திறக்கும் நேரம். களத்தில் நின்ற ஷாகிராவின் ஐவரில் நால்வர் நோன்பு. விடியலுக்கு முன்னால் குடித்த தண்ணீர்தான், அதன்பின் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒன்றேகால் மணி நேரம் ஓடிய பெண்கள்! ஷாகிரா ஒரு கையில் பேரீச்சம்பழ டப்பாவும் இன்னொரு கையில் தண்ணீருமாகக் கோட்டோரம் தவிக்கிறார். அவரிடம் டைம் அவுட் இல்லை. எங்களிடம் மூன்றும் இருந்தன. மெதுவாக ஆடுகிறவன் எதையும் செலவழிப்பதில்லை, பாருங்கள்.

பந்து எங்கள் பெஞ்சுப் பக்கமாக வெளியே போனது. என் அணித்தலைவி நீரஜா என்னிடம் ஓடி வந்தாள். இறுதி ஆண்டு மாணவி. முதலாண்டிலும் இறுதிப் போட்டி ஆடித் தோற்றவள், இரண்டாம் ஆண்டிலும் தோற்றவள். அவளுக்கு இதுதான் கடைசி.

"சார், டைம் அவுட் கேளுங்கோ."

"எதுக்கும்மா? நாமதான் ஒம்போது பாயிண்ட் லீட்ல இருக்கோம்."

"நமக்கில்ல சார். பாங்கு சொல்லியாச்சு, அவா இன்னும் தண்ணி குடிக்கல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பெரிய மனிதன், முப்பது ஆண்டு அனுபவம், இந்த வாயால் சொன்னேன்: "குடிச்சா ஓடுவாங்கம்மா!"

அவள் சொன்னாள்: "ஓடட்டும் சார். நிக்கறவாள ஜெயிச்சுண்டு என்ன பண்றது?"

அன்பர்களே, எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது! கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அவளுக்காகத்தானே இத்தனை பாடும்? அவளே வந்து வேண்டாம் என்பதுபோல் நிற்கிறாளே! நடுவர் என்னைப் பார்க்கிறார். நீரஜா என்னைப் பார்க்கிறாள். நான் நடந்து போய், ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்துக் காட்டி, டைம் அவுட் கேட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் பழம் தின்றார்கள், தண்ணீர் குடித்தார்கள். அதீபா எங்கள் பக்கம் வந்து ஹம்சாவுக்கும் ஒரு பழம் தந்துவிட்டுப் போனாள். அதன்பிறகு ஓடினார்கள் பாருங்கள், ஓட்டம்! அவர்கள் பதினைந்து, நாங்கள் ஐந்து. கடைசிப் பந்து அதீபாவின் பந்து. முடிந்தது!

மறுநாள் எங்கள் கல்லூரியில் என்ன பேச்சு? "கஸ்தூரிரங்கன் குழம்பிட்டார். லீட்ல இருக்கிறவன் டைம் அவுட் எடுப்பானா?" நான் வாய் திறக்கவில்லை. நீரஜா சத்தியம் வாங்கியிருந்தாள். "சொன்னா அவா ஜெயிச்சது சின்னதாயிடும் சார்" என்றாள். அங்கே மூன்றாம் வரிசையில் இப்போதுகூட வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிறாள். மன்னித்துவிடம்மா, என்னால் இனி முடியாது. ஏன் தெரியுமா? போன வாரம் அதீபா எங்கள் கல்லூரி வாசலில் வந்து நின்றாள். "சார், நாங்க இன்னா லூசா சார்? ஒம்போது பாயிண்ட் லீட்ல கீற டீமு எதுக்கு சார் டைம் அவுட் எடுக்கும்? ஃபங்ஷன்ல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள். இவளிடம் எதையாவது மறைக்க முடியுமா? யோசிக்கவே நேரம் தரமாட்டேன் என்கிறாளே!

ஆகவே சொல்லிவிட்டேன். இதனால் இந்த வெற்றி சின்னதாகிவிட்டதா? கேட்கிறேன், சின்னதாகிவிட்டதா? இன்னும் சத்தமாக! ஆகவே ஆகாது! ஒரு பேரீச்சம்பழம் பதினைந்து புள்ளி போடாது. போட்டது இந்தப் பெண்களின் கால்கள், இவர்களின் துணிச்சல், ஒன்பது புள்ளி பின்னால் நின்றும் ஓடத் துணிந்த நெஞ்சுரம்! எங்களிடம் மூன்று டைம் அவுட் இருந்தது என்று பெருமையாகச் சொன்னேனே, அதை எதற்குச் சேர்த்து வைத்தோம் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. என் மாணவிக்குத் தெரிந்திருந்தது. அவள் கோப்பையை இழந்தாள். எனக்கு இன்றைக்கும் அது வலிக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அவளுக்குப் பயிற்சியாளனாக இருந்தேன் என்று சொல்லும்போது எனக்கு வலியைவிடப் பெருமைதான் பெரிது.

வென்றவர்களுக்குக் கோப்பையை எடுத்து வழங்க என்னை அழைத்திருக்கிறார்கள். தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் வழங்கப் போவதில்லை. நீரஜா, மேடைக்கு வாம்மா. வா, வா. எல்லாரும் வழிவிடுங்கள். இதோ, இதை எடு. இரண்டு கையாலும் எடு. மூன்று ஆண்டு நீ கேட்ட கோப்பை இதுதான். நன்றாகப் பிடித்துக்கொள். ஹம்சா, கீழே இருந்து ஒரு படம் எடு. அதீபா, நீ ஓடி வராதே! நடந்து வா! நீரஜா, இப்போது அவள் கையில் கொடு. மெதுவாகக் கொடும்மா. அவசரமே இல்லை.

அவள் கொடுத்து முடிக்கும்வரை எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. வணக்கம்!